நான் வேண்டாமென்ற களத்துப் படி

பணம் செல்லாமல் போனால் என்ன செய்வது என்று இப்போது ஆளாளுக்குப் பேசுகிறார்கள். நெல் சேர்த்து வை, கைத்தொழில் கற்றுக்கொள், ராஜாக்கள் காலத்து ஜனங்கள் காசில்லாமல் பிழைக்கவில்லையா என்கிறார்கள். பிழைத்தார்கள்தான். எப்படிப் பிழைத்தார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

என் வீட்டுக்காரர் தச்சர். அவர் குடும்பத்துக்கு மூலக்குளத்துப் பக்கம் களத்துப் படி இருந்தது. ஊரிலுள்ள கலப்பை, நுகத்தடி, வண்டிச் சக்கரம் எல்லாவற்றையும் வருஷம் முழுக்கக் கூலி வாங்காமல் செப்பனிட்டுக் கொடுக்க வேண்டும். அறுப்பு முடிந்ததும் சாக்கோடு களத்தில் போய் நின்றால், ஏருக்கு இத்தனை மரக்கால் என்று நெல் அளந்து போடுவார்கள். எந்த ராஜா தொடங்கி வைத்தானோ, யாருக்கும் தெரியாது. அந்தப் படி அண்ணன் தம்பி இருவருக்கும் பாதிப் பாதி.

எனக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் டவுனில் குடியிருந்தோம். அவர் ஒரு துரை வீட்டுக்கு அலமாரியும் மேசையும் செய்துகொண்டிருந்தார். மாதம் பிறந்தால் மொடமொடவென்று பிரெஞ்சு நோட்டு கைக்கு வந்துவிடும். அதை வாங்கிப் பழகியவள் தூசியில் சாக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பதா? ஐம்பத்து நாலாம் வருஷம் தை அறுப்பில், களத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

“இந்த நெல்லு எங்களுக்கு வேணாம். கொழுந்தனே முழுசா எடுத்துக்கட்டும். எங்களுக்கு நோட்டு வருது.”

கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, திடுக்கிட்டுப் போனாள். “யோசிச்சுச் சொல்லுக்கா.”

“யோசிச்சுத்தான் சொல்றேன். நீயே அவிச்சுக் குத்தி நல்லாத் தின்னு.”

களத்தில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அதே வருஷம் ஐப்பசியில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. பிரெஞ்சு நோட்டு இனிச் செல்லாது, தவணைக்குள் கொண்டுவந்து இந்திய ரூபாயாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். எங்கள் சேமிப்போடு, துரை கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போன நோட்டுக் கட்டும் வீட்டில் இருந்தது.

“நாளைக்கு விடியறதுக்குள்ள போயி வரிசையில நின்னு மாத்திட்டு வந்துடலாம்டி” என்றார் அவர்.

“இன்னாத்துக்கு? பத்திரம் இன்னும் முடியலயாம். வெள்ளக்காரன் கொடியத்தான எறக்கினான், ஊர எழுதியா குடுத்துட்டான்? திரும்பி வந்தான்னா இதே நோட்டு ரெண்டு பங்கு போவும். பேசாம இருங்க.”

நான் மட்டும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். சொன்னவர்களில் பலர் சத்தமில்லாமல் போய் மாற்றிக்கொண்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த மனுஷன் என் பேச்சைக் கேட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். தவணை போயிற்று.

துரைகள் போன பிறகு அலமாரி செய்யச் சொல்ல ஆளில்லை. இரண்டு வருஷம் அண்டா, குண்டான், என் தோடு என்று விற்றுத் தின்றோம். அப்புறம் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே வந்தோம். அவர் தம்பியோடு சேர்ந்து கலப்பை செதுக்கினார். கை அவருடையது, படி தம்பி பேரில். படியாக வந்த நெல்லிலிருந்து களத்திலேயே எங்களுக்கு அளந்து போடுகிறவள் என் ஓரகத்தி. மற்றக் கூலியாட்களுக்கு மரக்காலில் கோபுரமாகக் குவித்துப் போடுவாள். எனக்கு மட்டும் உள்ளங்கையால் தலை தட்டிவிட்டுத்தான் கவிழ்ப்பாள்.

“அவ்ளோதாங்க்கா. டவுனு வயிறு, இதுக்கு மேல தாங்காது.”

பழங்காலத்துப் பிழைப்பைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. நெல் செல்லாமல் போகாது, நிஜம். ஆனால் நோட்டை எந்தக் கடையிலும் வீசிவிட்டுச் சாமானை வாங்கி வரலாம்; நீ யார், போன வருஷம் என்ன பேசினாய் என்று கடைக்காரன் கேட்கமாட்டான். களத்தில் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்துதான் அளப்பார்கள். பஞ்சத்தில் சாகவிடமாட்டார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

அறுபத்திரண்டில் பத்திரம் முடிந்து ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. துரை வருவான் என்று சொல்ல அதற்குமேல் யாரும் இல்லை. எங்கள் பாதிப் படி திரும்பினால் போதும் என்று நான் ஊர்ப் பெரியவரிடம் போனேன்.

“ஐயா, எங்க பாதிய எங்க பேருக்கே மாத்திக் குடுங்க.”

“உன் வீட்டுக்காரன் செதுக்குன கலப்பதானம்மா எங்க எல்லார் வீட்லயும் ஓடுது. எனக்கு ஒண்ணும் இல்ல. உன் கொழுந்தன் சரின்னா சரி.”

கொழுந்தன் தலையாட்டினான். ஓரகத்திதான் குறுக்கே வந்தாள்.

“தாராளமாக் குடுக்கலாம். அன்னிக்கிக் களத்துல எல்லார் முன்னாடியும் வேணாம்னு சொன்னாங்க. நாளைக்கி அதே களத்துல எல்லார் முன்னாடியும் வேணும்னு அக்கா ஒரு வார்த்த கேக்கட்டும்.”

அவள் கேட்டதில் தப்பில்லை. அப்போதே எனக்கு அது தெரியும்.

மறுநாள் சொர்ணவாரிப் பட்டத்து நெல் தூற்றிக் கிடந்தது. ஊரே களத்தில் இருந்தது. என் முறை வந்ததும் ஓரகத்தி மரக்காலைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். பெரியவர் பார்த்தார். உளியைக் கீழே வைத்துவிட்டு என் வீட்டுக்காரரும் பார்த்தார். நான் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நெல்லைப் பார்த்தேன். அவள் நல்லவள், வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு மரக்காலைக் குவியலில் அமுக்கி எடுத்துத் தலை தட்டினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டே, “ஒரு வார்த்ததானடி” என்றார். நான் முன்னால் நடந்தேன். சாகிறவரைக்கும் அவர் தம்பிக்குக் கூலியாளாகவே கலப்பை செதுக்கினார்.