அத்தா ஓடவைத்த ரயில்

நேற்று மழையில் தாம்பரத்துக்குள் நுழைந்த மின்ரயிலின் தலைக்கு மேல் நீலப்பொறி ஒன்று தெறித்தது. உடனே நான் எட்டு வயதுப் பெண்ணாகிவிட்டேன்.

என் அத்தா ரயில்களுக்கு மின்சாரம் தரும் மேல்கம்பிகளைப் பழுதுபார்ப்பவர். அம்மாவுக்கு அந்த வேலை என்றாலே பயம். "கம்பியில தொங்கினது போதும், எங்க அண்ணன் கடைக்கே வந்துடுங்க" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு மழைநாளில் அம்மாவும் நானும் வந்த ரயில் சானடோரியம் நிலையம் அருகே நின்றுபோனது. மரம் விழுந்து கம்பி அறுந்திருந்தது. விசிறிகள் அடங்கின, பெட்டியெங்கும் ஈரத்துணி வாடை. காய்ச்சல்காரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் அழுதாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பக்கத்துத் தண்டவாளத்தில் வந்து நின்ற பழுதுபார்ப்பு வண்டியின் உயரமான மேடைமீது, கொட்டும் மழையில் அத்தா!

அம்மா வாய்க்குள் ஓதிக்கொண்டே என் கையை இறுக்கினாள். வெகுநேரம் கழித்து அவர் இறங்கினார். விசிறிகள் சுழன்றன, ரயில் நகர்ந்தது.

"யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்" என்றார் ஒரு பெரியவர்.

"எங்க வூட்டுக்காரருதான்!" என்றாள் அம்மா, பெட்டி முழுக்கக் கேட்கும்படி.

அதன்பின் அவள் கடைப் பேச்சை எடுக்கவேயில்லை. மழை வலுத்தால், வேலைக்குக் கூப்பிடும் முன்பே அத்தாவின் ரெயின்கோட்டோடு வாசலில் நிற்பாள்.