வாய் திறக்காத புருல்சா

பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள்.

பிஷ்கெக் நகரத்தில் எங்கள் தையல் கூடத்தில் வேலையாட்களின் முகவரி, போன் நம்பர் எல்லாம் புருல்சா அக்காவின் பொறுப்பு. அவளிடம் ஒரு சேதி வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. பக்கத்து மிஷின்காரியின் பிறந்தநாளைக் கேட்டால்கூட, “அவளையே கேளேன், வாய் இருக்குல்ல?” என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். யார் யாருக்கு என்ன உறவு என்று விசாரிக்காமல் நம்மால் ஒரு வாய் தேநீர் குடிக்க முடியுமா?

மீரிம் வசந்தத்தில் வேலைக்கு வந்தாள். தூரத்து மலையூரான நாரின் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண். சந்தைக்குப் போனவளை ஒரு பையனும் அவன் ஆட்களும் காரில் தூக்கிப்போய், தலையில் வெள்ளை முக்காட்டைப் போட்டு மருமகளாக்கப் பார்த்திருக்கிறார்கள். தப்பி ஓடி வந்துவிட்டாள்.

அவளுக்கு விடுமுறையான ஒரு நாளில், எப்படியோ விசாரித்துக்கொண்டு அவள் அம்மா வந்தாள். அக்கா தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், முகவரியைக் கொடுக்கவில்லை.

“அவகிட்ட கேட்டுச் சொல்றேன்மா.”

“பெத்தவளுக்கே அனுமதியா? நீயெல்லாம் பொம்பளையா?”

அம்மாக்காரி ஆத்திரத்தோடு வெளியேறினாள். வாசலில் காவல்கார சத்தார் வழக்கம்போலக் கேட்டான், “எந்த ஊரு, யார் வழி?” பாட்டன், பூட்டன் என்று எண்ணிப் பார்த்தால் இருவரும் ஒரே வம்சம். மனிதனுக்குத் தலைகால் புரியவில்லை. “நம்ம மீரிம் என்கூடதான் வேன்ல வருவா! பாலத்துக்கிட்ட, பச்சைக் கதவு வீடு!”

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தபோது அந்த அம்மா போய்விட்டிருந்தாள்.

“என்னடா சொன்ன?”

“நம்ம ஆளுங்கக்கா! ஏழு தலைமுறை ஒண்ணா வருது!”

“ஏழு தலைமுறையும் சேந்து அவள வண்டியில ஏத்தட்டும், நீ கதவத் திறந்து விடு!”

அப்போதே கிளம்பிப்போய் மீரிமைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றாள். அடுத்த நாள் சாயங்காலம் பச்சைக் கதவின் முன் ஒரு கார் வந்து நின்றது. அந்தப் பையன், அவன் ஆட்கள், கூடவே மீரிமின் அப்பா. பூட்டிய கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். வேனிலிருந்து இறங்கிய சத்தார் அதைக் கண்ணால் பார்த்தான். மறுநாள் வாசலில் அவன் யாரிடமும் ஊர் விசாரிக்கவில்லை. அக்காவிடம் அதன்பிறகு நானும் யாரைப் பற்றியும் கேட்டதில்லை.

சில நாள் கழித்து அம்மா மறுபடி வந்தாள், தனியாக. நான் அக்காவின் மேசையருகே நூல்கண்டு எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா மறுபடியும் தேநீர் ஊற்றினாள்.

“அவ எங்க இருக்கான்னு கேக்க வரல,” என்றாள் அம்மா. கிண்ணத்தைத் தொடவே இல்லை. “வீட்டுக்குப் போய் வாய் தவறிச் சொல்லிட்டேன். அவரு வண்டியக் கிளப்பிட்டாரு.”

அக்கா கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வெளியே போய்விடலாமென்று எழுந்தேன். அதற்குள் அவள் அக்காவின் பக்கம் குனிந்துவிட்டாள்.

“வேற போன் ஒண்ணு வாங்கியிருக்கேன். அவருக்குத் தெரியாது. நம்பர அவகிட்ட மட்டும் சொல்லு. யாரு வந்து கேட்டாலும் குடுத்துடாத, தாயி.”