காலுக்கு எழுதிய மாத்திரை

போன மாதம் டாக்டர் முன்னால் என் மானம் போனது. வாங்கியவர் என் கணவர்.

கேம்ப் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி, இவருக்குக் கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருந்தார்கள். வெளிக்காயம் ஆறியது, எலும்புக்குள் கிருமி குடியேறிவிட்டது! சீழ் கசியவும் மறுபடி ஆபரேஷன் — பிளேட்டை எடுத்து, கெட்ட எலும்பைச் சுரண்டி, இரண்டு வாரம் ட்ரிப்ஸில் மருந்து. அப்புறம் ஆறு வாரம் மாத்திரை.

"ஒரு வேளைகூட விடக்கூடாது" என்றார் டாக்டர்.

மூன்றாவது வாரம் வலி போனது. அவ்வளவுதான்... இவர் மாத்திரையை நிறுத்திவிட்டு விநியோகத்தில் இறங்கினார்.

சேலையூரில் எங்கள் பிளாட்ஸில் கறிவேப்பிலை கேட்டால் இல்லையென்று சொல்லும் வழக்கமில்லை. மாத்திரை மட்டும் என்ன பாவம் செய்தது? இஸ்திரி போடும் செல்விக்கு இருமலா — இந்தா இரண்டு. மேல் வீட்டு மேடத்துக்குக் காய்ச்சலா — நாலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னா சார் நீ, டாக்டருக்கு மேல கீற!" என்றாள் செல்வி. இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எனக்குத் தெரியாதா? தெரியும். தொண்டை வலிக்கு நானே இரண்டு விழுங்கினேன்.

ரிவ்யூவுக்குப் போனோம். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"இன்ஃபெக்ஷன் திரும்ப ஏறுதே... மாத்திரை ஒத்துக்குதா? வயித்துக்கு ஏதாவது பண்ணுச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். மேல் வீட்டு மேடத்துக்குத்தான் ரெண்டு நாள் வயித்தால போச்சு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"எலும்புக்குள்ள மருந்து போறதே கஷ்டம். அதனாலதான் இத்தனை வாரம். பாதியில விட்டா, மிச்சக் கிருமிக்கு மருந்தே பழகிடும். இன்னொரு தடவை சுரண்டினா, காலுல எவ்ளோ எலும்பு சார் மிஞ்சும்?"

நாம் மாத்திரை சாப்பிடுவது வலிக்காக. கிருமி என்று ஒன்று இருப்பதே ஞாபகமில்லை. வலி போய்விட்டால் மிச்சமெல்லாம் உபரி, உபரியெல்லாம் தானம்!

மாத்திரையை மாற்றி, ஒன்றாம் நாளிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். இரண்டு வாரத்தில் இன்ஃபெக்ஷன் குறையாவிட்டால் ஆபரேஷன்தானாம். வேளாவேளைக்கு இவர் விழுங்குவதை எதிரில் உட்கார்ந்து பார்த்தேன்.

குறைந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றதும் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிட்டேன்.

நேற்று எதிர் வீட்டுக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பல் வலி உயிர் போகுது சார். உங்ககிட்ட ஸ்ட்ராங்கா ஒரு மாத்திரை இருக்காமே?"

நான் முறைப்பதற்குள் இவரே சொன்னார்:

"இருக்கு. ஆனா அது மாத்திரை இல்ல சார்... என் காலு!"