வெந்நீர்க் குளிர்த்தி

வைகாசி பிறந்துவிட்டது. ஆனால் நோர்வேயின் வடகரையில், எங்கள் சன்னலுக்கு வெளியே இன்னும் பனி கிடக்கிறது. உள்ளே அலமாரித் தட்டில், ஒரு சாண் உயரச் சிலையாகக் கண்ணகை அம்மன் தலையில் நீலக் கம்பளித் தொப்பியோடு நிற்கிறாள்.

தொப்பி பக்கத்து வீட்டு இங்கர் பின்னியது. விடிந்தால் போதும், என் மனைவி ரஞ்சி இந்த அம்மாளுடன் கதைக்கத் தொடங்கிவிடுவாள். "எழும்பு மகள், பால் ஆறுது. என்ன, முகத்தத் தூக்கி வெச்சிரிக்காய்?" சுவருக்கு அப்பால் அந்தக் கொஞ்சலைக் கேட்டுக்கொண்டிருந்த இங்கர், வெளியே வராத நோயாளிப் பிள்ளையொன்று எங்களிடம் இருப்பதாக நினைத்துவிட்டாள். ஒருநாள் வாசலில் நின்று, "சின்னவளுக்குக் குளிருமே" என்று தொப்பியை நீட்டினாள். என் அரைகுறை நொஸ்க் மொழியில் "அவள் தெய்வம்" என்றேன். "எல்லாப் பிள்ளையும் அப்படித்தான்" என்று தலையாட்டிப் போனாள். பிள்ளையில்லாத நாங்கள் கதவைச் சாத்திவிட்டுத் தொப்பியை அம்மாளின் தலையில் மாட்டினோம்.

அம்மாள் உடுத்திருக்கும் சிவப்புத் துண்டும் இப்படித்தான் வந்தது. ஊரைவிட்டுப் புறப்படுமுன், பக்கத்து மருதமுனை நெசவுக் கடையொன்றில், அம்மாளுக்குச் சீலை வேண்டும் என்றேன். "உம்மாக்கா? ஆள் என்ன உயரம் தம்பி?" என்றார் முஸ்லிம் கடைக்காரர், என் தாயென்று நினைத்து. விரல்களை விரித்து ஒரு சாண் காட்டினேன். திகைத்தவர், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "கண்ணகை உம்மாவா! அப்ப கரையோட சேத்து வெட்டித் தாறன்."

வைகாசியில் ஊரில் குளிர்த்தி. மதுரையை எரித்து வந்தவளின் கொதிப்பு அடங்க, வேப்பிலையால் குளிர்நீர் தெளித்துப் பாடுவோம். இம்முறையும் ஊருக்குப் போக வழியில்லை. இங்கேயே செய்வதென்று ரஞ்சி நின்றாள். ஆனால் குழாய்த் தண்ணீர் விரலைக் கடித்தது. அதை எப்படி அவள்மேல் ஊற்றுவது? ஊற்றாமல் எப்படி விடுவது? ஊரில், நற்பிட்டிமுனையில் இருக்கும் தமக்கையைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"என்னகா விசர்க்கதை! சுடுதண்ணியில குளிர்த்தியா? அவவுக்குக் கோபம் ஏறினா ஆரு பொறுப்பு?" என்று சீறினாள் அக்கா.

"ஓம், நீ சொல்லுவாய். புள்ளைக்குச் சளி புடிச்சா ஆரு பாக்கிற?"

மறுமுனையில், அக்கா நின்ற கோயிலில், மணி அடித்தது. பிறகு அக்காவின் குரல் தணிந்து வந்தது. "இளஞ்சூடா எடு. கொதிக்க வெச்சிராத."

ரஞ்சி தொப்பியைக் கழற்றினாள். ஊரிலிருந்து வந்த காய்ந்த வேப்பிலையை வெந்நீரில் தோய்த்துத் தெளித்தாள். அம்மாளின் முகத்திலிருந்து மெல்ல ஆவி எழுந்தது. அங்கே ஊர்க் கோயிலில் அதே வேளை அவள்மேல் குளிர்நீர் விழுந்துகொண்டிருந்தது. தொலைபேசி வழியே ஊரே பாடியது. நனைந்த மருதமுனைச் சிவப்பை மாற்றி, தலை துவட்டி, ரஞ்சி நீலத் தொப்பியை மறுபடி மாட்டினாள். காதுகளை மட்டும் மூடவில்லை. பாட்டு கேட்கவேண்டுமே.