ரங்கநாயகி அம்மா வாங்கி வைத்த இன்ஜின்

ஞாயிற்றுக்கிழமை காலை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது காதர் பாய் போன் செய்தார். முடிச்சூர் சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். பேச்சை வண்டியில் தொடங்கி வண்டியிலேயே முடிப்பது அவர் வழக்கம். அன்று வண்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "சார், அக்கா பூட்டாங்க சார். ஆஸ்பத்திரிலயே முடிஞ்சிருச்சி" என்றார். ரங்கநாயகி அம்மாவை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். தைலக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நம் குடியிருப்போர் சங்கத்து மலருக்கு ரங்கநாயகி அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். செங்கல், ஜல்லி விற்ற அவரிடம் கல் வாங்காமல் நம் நகரில் யாரும் வீடு கட்டியிருக்க மாட்டார்கள். அதனால் பலருக்கு அவரைத் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்கள் பச்சை ஜீப் ஓட்டும் ஒரு அம்மாளைப் பார்த்திருப்பார்கள். அவரேதான். அவரைப் பாராட்டி எழுத இங்கே பலர் இருக்கிறார்கள். நான் எழுதுவதற்கு வேறொரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே சொன்னால் என்னால் மேற்கொண்டு எழுத முடியாது.

நான் கட்டிய வீட்டை வாங்கிக் குடிவந்தவன், அதனால் 2015 வெள்ளத்தில்தான் அவர் எனக்கு அறிமுகமானார். நானும் என் மனைவியும் மொட்டை மாடியில் நின்றிருந்தோம். கீழே என் புதிய கார் மிதந்து போய்ப் பக்கத்து வீட்டு கேட்டில் முட்டிக்கொண்டிருந்தது. அப்போது அவருடைய அப்பா காலத்து பெட்ரோல் ஜீப் தெருவுக்குள் வந்தது. இன்ஜினில் மின்சாரம் ஓடும் இடத்தையெல்லாம் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டியிருந்தார். "இன்னா சார் வேடிக்க பாத்துகினு கீறீங்க, எறங்குங்க!" என்று அதட்டினார். முன்பின் தெரியாத ஒருவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. மறுபேச்சில்லாமல் இறங்கினேன். எங்களைப் பெரிய சாலையில் விட்டுவிட்டுத் திரும்பப் போனார். அந்த நடையில் ஜீப் தண்ணீரில் நின்றுபோனது. ஆட்களை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், ஆனால் ஜீப் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வெளியே எடுத்தபோது இன்ஜின் முழுக்கச் சேறு.

சில வருடங்கள் அந்த ஜீப் அவருடைய செங்கல் அடுக்குகளுக்குப் பின்னால் கோணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை தொடங்கினால் அவருக்கு நிலைகொள்ளாது. ஒரு நாள் என்னிடம் வந்தார். "சார், நீங்க வண்டிப் பாடம் எடுத்தவராமே. இந்த ஜீப்புக்கு வேற இன்ஜின் போடணும். எது போடலாம்னு சொல்லுங்க. தண்ணில நிக்கக் கூடாது, அவ்ளோதான்."

நான் பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவன். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து கட்டம் போட்டு எழுதினேன். பழைய பெட்ரோல் இன்ஜினையே சரிசெய்வது ஒன்று. பழைய ஜீப்புகளில் வந்த சாதாரண டீசல் இன்ஜின் இரண்டாவது. மூன்றாவது, விபத்தில் நொறுங்கிய ஒரு புதிய காரின் டர்போ டீசல் இன்ஜின். அது கம்ப்யூட்டர் பெட்டி சொல்வதைக் கேட்டு ஓடும். இழுவை, மைலேஜ், புகை என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டேன். மூன்றாவதே முதலிடத்தில் வந்தது. விடைத்தாளைக் கொடுப்பதுபோல அந்தத் தாளை ஒர்க்‌ஷாப்பில் அவர் கையில் கொடுத்தேன்.

காதர் பாய்க்கு அது பிடிக்கவில்லை. "சார், பழைய டீசலே போடலாம். அதுக்கு கரண்டே வாணாம். ஒரு வாட்டி ஸ்டார்ட் ஆச்சுன்னா பேட்டரிய கயட்டிப் போட்டாலும் ஓடிகினே இருக்கும்" என்றார்.

"பாய், அது டிராக்டர் மாதிரி கத்தும். புகை வேற. இந்தக் காலத்துல போய் அதைப் போடுவாங்களா?" என்றேன்.

ரங்கநாயகி அம்மா தாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "இது தண்ணில நிக்காதா சார்?"

"நிக்காதும்மா. காத்து போற குழாயைக் கூரை வரைக்கும் தூக்கி வெச்சிடலாம். கம்ப்யூட்டர் பெட்டியை நானே சீல் பண்ணித் தரேன்."

அவர் காதர் பாயைப் பார்த்தார், பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தார். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அன்று அதை என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன். ஆசிரியர்களிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர் அவர். அந்தப் பதிலில் இருந்த தயக்கம் காதர் பாய்க்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை.

இன்ஜின் ஏறியது. முதல் ஓட்டத்துக்குத் திருநீர்மலை பக்கம் போனோம். மேட்டில் ஜீப் சிணுங்காமல் ஏறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, "எப்படி?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "சூப்பரா ஏறுது சார். ஆனா நமக்கு மேடு பிரச்சன இல்லியே, பள்ளம்தான பிரச்சன" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு வருடம் அந்த ஜீப்பில் அவர் ஊரைச் சுற்றினார். ரேஷன் அரிசி வாங்க முடியாத கிழவர்களுக்கு அதில்தான் மூட்டை போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையைக் காட்டினால் நிறுத்துவார். மழை மட்டும் அந்த வருடம் பெரிதாக வரவில்லை.

இந்த வருடம் தீபாவளி முடிந்ததும் வந்தது. இரண்டாம் நாள் பகல், நான்காவது தெரு கோவிந்தனுக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டிய நாள். ரங்கநாயகி அம்மா ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் அவரையும் அவர் மனைவியையும் ஏற்றினார். என் மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் தண்ணீர் இடுப்பளவு. அங்கே வந்ததும் ஜீப் சத்தமே இல்லாமல் நின்றது. போன் செய்தேன். "ஏதோ ஒயர்ல தண்ணி பூந்துகிச்சி போல சார். பரவால்ல. நீங்க எறங்காதீங்க, கால் வேற சரியில்ல" என்றார். இருவரையும் ஆளுக்கொரு பக்கம் தோளில் பிடித்துச் சாலைவரை கொண்டுபோய் விட்டார். பிறகு கோவிந்தனின் மருத்துவக் கோப்பை எடுக்கத் திரும்பி வந்தார். எல்லாமாகச் சேர்த்து இரண்டு மணி நேரம் அந்தச் சாக்கடைத் தண்ணீரில் இருந்தார். கோவிந்தன் இன்று நன்றாக இருக்கிறார்.

தண்ணீர் வடிந்ததும் நானும் காதர் பாயும் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். இன்ஜினின் அடிப்பக்கத்தில், சுழற்சியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரின் ஒயர் இணைப்பில் தண்ணீர் புகுந்திருந்தது. அது நனைந்தால் எல்லாம் நின்றுவிடும். தண்ணீர் புகாது என்று புத்தகத்தில் போட்டிருந்ததால் அதை மட்டும் நான் சீல் செய்யாமல் விட்டிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் ரங்கநாயகி அம்மா சொன்னார்: "வண்டி மேல தப்பில்ல சார். நான்தான் அந்தப் பள்ளத்துல வுட்டுட்டேன்."

அப்போது நான் சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும். "ஆமாம்மா, கொஞ்சம் பார்த்து ஓட்டியிருக்கலாம்" என்றேன்.

அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு லாரியில் ஜல்லி இறக்கிக்கொண்டிருந்தார். கண் மஞ்சளான பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார். எலிக்காய்ச்சல் என்றார்கள், தேங்கின தண்ணீரில் நின்றால் வருவதாம். ஐந்து நாளில் முடிந்துவிட்டது. அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

என்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால்கூடத் தேவலை என்று இருக்கிறது. கருமாதிக்கு மறுநாள் காதர் பாயிடம் போனேன். அந்த ஜீப்பை இனி என்ன செய்வது என்று கேட்கத்தான் போனேன். ஒர்க்‌ஷாப்பின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ ஒன்று ஸ்டாண்டில் நின்றது. என்னவென்று கேட்டேன். "அது வாணாம் சார்" என்றார். நானே தார்ப்பாயை விலக்கினேன். சாதாரண டீசல் இன்ஜின். துடைத்து, கிரீஸ் பூசி, புதுசுபோல இருந்தது.

"அக்கா வாங்கி வெச்சது சார். ஆறு மாசமாச்சு" என்றார் காதர் பாய். "தீபாவளிக்கு பெங்களூர் பொண்ணு வூட்டுக்குப் போறேன்னு சொன்னீங்கல்ல? நீங்க பத்து நாள் இருக்க மாட்டீங்க, அப்ப மாத்திடலாம்னாங்க. 'சார் இருக்கச் சொல்லோ மாத்தினா மனசு கஷ்டப்படும் பாய். வந்தப்பறம் பானட்டத் தொறந்து காட்டாத'ன்னு சொன்னாங்க."

முழங்கால் வலி என்று நான் பெங்களூர் போகவில்லை. தீபாவளி முழுக்க வீட்டில்தான் இருந்தேன். சாயங்காலமானால் ஒர்க்‌ஷாப்பில் போய் உட்கார்ந்து டீ குடித்தேன். அந்தத் தார்ப்பாய்க்குப் பத்தடி தள்ளித்தான் என் நாற்காலி. ஒரு நாள் ரங்கநாயகி அம்மா அங்கே வந்து, "பெங்களூர் போவலியா சார்? பொண்ணு எதிர்பாக்குமே" என்று இரண்டு தடவை கேட்டார். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டிக் காட்டும்படி காதர் பாயைக் கேட்டேன். பேட்டரி இணைத்து ஸ்டார்ட் செய்தார். நான் சொன்னதுபோலவே டிராக்டர் மாதிரி கத்தியது, புகையும் வந்தது. பிறகு அவர் பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தார். எந்த ஒயரும் இல்லாமல் அது ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காதர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அழுதேன்.

ரங்கநாயகி அம்மா, பள்ளத்தில் விட்டது நீங்கள் இல்லை, நான்தான். இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் இன்ஜினையே ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டேன். வருகிற மழைக்கு அது தெருவில் இறங்கும், ஓட்டுவதற்குக் கோவிந்தனின் மனைவி பழகிக்கொண்டிருக்கிறார். நிம்மதியாகப் போய் வாருங்கள். வேலை முடிந்ததும் பானட்டை மூட வந்த காதர் பாயை நான் தடுத்தேன். திறந்தே இருக்கட்டும், நான் பார்க்க வேண்டும் என்றேன்.