தமிழரசி அக்கா மறுத்த டிரா

நாற்று நடவுக்கு ஆள் விட்டுவிட்டு வரப்பில் நின்றபோது கைபேசியில் அக்கா இறந்த செய்தி வந்தது. மாரடைப்பாம். தமிழரசி அக்காவின் படத்துக்குக் கீழே, ‘என் உடன்பிறவாச் சகோதரி’ என்று நம் சதுரங்க மன்றத்தின் முன்னாள் செயலர் எழுதியிருந்தார்.

மன்னார்குடித் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அக்கா. ஞாயிறுதோறும் மன்றத்தில் நாங்கள் எதிரெதிரே உட்கார்வோம். அவரோடு ஆடியவர்களுக்கு அவர் வழக்கமாகக் கேட்பது நினைவிருக்கும்: “என்ன குடுக்குறோம், என்ன வாங்குறோம்?”

அணித் தேர்வின் கடைசிச் சுற்று. அக்கா மதிப்பு கூடிய யானையைக் கொடுத்துக் குதிரையை வாங்கியிருந்தார். பதிலுக்கு எதிராளியின் ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாய்கள் சிதறிக் கிடந்தன. எதிராளி செயலரின் மைத்துனர். அக்கா தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது செயலர் என்னை அனுப்பினார். நானும் போனேன்.

“அக்கா, டிரா பண்ணிக்கச் சொல்றாரு. ரெண்டு பேருக்கும் டீம்ல இடம் உறுதியாம். உங்களுக்கு யானை வேற போயிடுச்சு…”

“காய மட்டும் எண்ணிட்டு வந்தீங்களா? அவரு ராஜா எப்படி நிக்குதுன்னு பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“எனக்கு ஜெயிக்கலாம்னு தோணுது. அப்புறம் எதுக்கு டிரா? நீங்க போங்க.”

தோற்றுப்போனார். ராணிகள் வெட்டுப்பட்டதும் தாக்குதல் அடங்கியது. எதிராளியின் யானை ஆட்டத்தை முடித்துவிட்டது. “எடை போடத் தெரியாத பொம்பள” என்று செயலர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். நானும் லேசாகச் சிரித்தேன். அக்கா இழந்த இடம் எனக்கு வந்தது. கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அதன்பின் எந்தத் தேர்வுக்கும் செயலர் அவரை அழைக்கவில்லை. மன்றத்து நண்பர்களே, நம்மில் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

மறுவாரம் அக்கா அதே ஆட்டத்தை என் முன்னால் அடுக்கினார். “ராணிய மாத்திக்குவாருன்னு நான் பாக்கல. என் கணிப்பு தப்பு. டிரா வேணாம்னது தப்பில்ல. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க” என்றார். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நேற்று இரங்கல் கூட்டத்தில் செயலர் அக்காவின் நேர்மையைப் புகழ்ந்தார். நீங்கள் கைதட்டினீர்கள். என் கைகளும் தட்டின. அந்தக் கைகளைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்த ஆட்டத்தின் நகர்த்தல்களை அக்கா குறித்த தாள் என்னிடம் இருக்கிறது. இருபத்து மூன்றாம் நகர்த்தலுக்கு நேரே, ‘இங்கே தப்பு செய்தேன்’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். டிரா கேட்டு ஆள் வந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இன்று காலை அதன் கீழே நான் எழுதினேன்: ‘கேட்டு வந்தவன் நான்.’ என் பெயரையும் போட்டேன்.