பதினைந்தாம் எண்ணின் ஐந்தாவது கட்டம்

என்னிடம் மஞ்சள் நிறக் கார்பன் நகல் ஒன்று இருக்கிறது. ஒரு கூடைப்பந்தாட்டத்தின் ஸ்கோர் ஷீட். தோற்ற அணிக்குக் கொடுக்க வேண்டிய நகல் அது. அன்று தோற்றவர்கள் அதை வாங்கிக்கொள்ள நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், என்னிடமே தங்கிவிட்டது. ஒவ்வொரு ஆட்டக்காரரின் எண்ணுக்கு நேராகவும் அதில் ஐந்து சின்னக் கட்டங்கள் உண்டு. ஒரு ஃபவுலுக்கு ஒரு கட்டம். ஐந்தும் நிரம்பினால் ஆள் வெளியே வந்து உட்கார்ந்துவிட வேண்டும், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும். பதினைந்தாம் எண்ணுக்கு நேரே நான்கு கட்டங்களில் என் கையெழுத்து இருக்கிறது. ஐந்தாவது காலி.

பதினைந்தாம் எண் எங்கள் கேப்டன் அண்ணன். மூணாறு எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியின் சம்பளத்துக்கு ஆடும் அணிக்கு வந்து சேர்ந்தவர். பக்கத்து எலப்புள்ளிக்காரியான நான் அந்த அணியின் உள்ளூர் ஆட்டங்களுக்கெல்லாம் மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதினேன். யார் எத்தனை புள்ளி, யார் எத்தனை ரீபவுண்ட், யார் யாருக்குப் பந்தைக் கொடுத்தார், யார் யாரை இடித்தார், எல்லாம். அண்ணன் அழகாக ஆடினார் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அடித்து ஆடினார். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்கு எழும்பும்போது அவருடைய முழங்கைகள் இரண்டும் அகல விரியும். அந்த வட்டத்துக்குள் இருப்பவனின் பல்லுக்கு உத்தரவாதம் கிடையாது. பந்தைத் தவறவிட்ட சொந்த அணிக்காரனை இடைவேளையில் சுவரோடு சேர்த்து நெஞ்சிலேயே குத்தினார், என் கண் முன்னால். வாங்கவும் வாங்கினார். ஒரு முறை புருவம் கிழிந்து ரத்தம் சொட்டச் சொட்ட வந்து என் மேசையில் கையூன்றி நின்றார்.

“ஏ தங்கச்சி, போட்ட புள்ளிய எழுதுத, புடிச்ச பந்த எழுதுத. வாங்குன அடிக்கு ஒரு கட்டம் கெடையாதா?”

“குடுத்த அடிக்குத்தானுங்க கட்டமிருக்குது அண்ணா. உங்களுக்கு அந்த அஞ்சு பத்த மாட்டேங்குது,” என்றேன். சிரித்தார். ஷீட்டில் விழுந்த ரத்தத்தைத் தன் பனியனால் துடைத்துவிட்டுப் போனார். அந்த முரடரை எனக்குப் பிடிக்கும். அதையும் மறைத்து என்ன ஆகப் போகிறது?

இந்த நகலில் இருக்கும் ஆட்டத்தில் தோற்றால் அணியையே கலைத்துவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அதனால் முதல் நிமிடத்திலிருந்தே அது ஆட்டமாக இல்லை. எங்கள் ஆள் ஒருவனுக்கு உதடு இரண்டாகக் கிழிந்தது. எதிரணிப் பையன் ஒருவன் விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டான். காலரியில் தமிழிலும் மலையாளத்திலுமாக அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டினார்கள். நான்காம் கால்பகுதியில் ஆட்டம் சமமாக நின்றபோது, ஏற்கெனவே நான்கு கட்டம் நிரம்பியிருந்த கேப்டன் அண்ணன் எதிரணியின் ஒன்பதாம் எண்ணைப் பின்னாலிருந்து தள்ளி வீழ்த்தினார். விசில். அதே நேரம் காலரியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து எங்கள் மேசையில் விழுந்து உருண்டது. நான் ஷீட்டைக் காப்பாற்றிவிட்டு நிமிர்ந்தபோது நடுவரின் விரிந்த ஐந்து விரல்கள் மட்டும் தெரிந்தன. ஐந்தாம் எண் என்று எழுதிவிட்டேன். ஒரு கை முஷ்டியும் இன்னொரு கை ஐந்து விரலுமாகக் காட்டினால்தான் பதினைந்து. அந்த முஷ்டியை நான் பார்க்கவில்லை.

இதுவரைக்கும் கைத்தவறு. இதற்குப் பிறகு நடந்தது கைத்தவறு இல்லை. எங்கள் ஐந்தாம் எண் மைதானத்தின் மறுகோடியில் நின்று, நானில்லை என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பாட்டில் எறிந்தவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிடும் ஹாரன் பொத்தானின் மேல் என் விரல் இருந்தது. மேசைக்குச் சொந்த ஊர் கிடையாது என்பது முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். அதன் பிறகும் இரண்டு முறை பந்து நின்றது. இரண்டு முறையும் நான் அழுத்தவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

அடுத்து, வளையத்தில் பட்டுப் பந்து திரும்பியது. கேப்டன் அண்ணனும் ஒன்பதாம் எண்ணும் சேர்ந்து எழும்பினார்கள். முழங்கை போய் அவன் இடது கண்ணில் இறங்கியது. முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம் மேசை வரைக்கும் கேட்டது. அவன் முகத்தைப் பொத்திய விரல்களுக்கு இடையில் ரத்தம் வழிந்து மரத்தரையில் பரவியது. தள்ளுமுள்ளில் நடுவர் எதையும் பார்க்கவில்லை, விசிலும் இல்லை. பந்தோடு இறங்கிய அண்ணன் அப்படியே அதை வளையத்துக்குள் போட்டார். இரண்டு புள்ளிகள். என் கை அதை எழுதியது. நாங்கள் ஜெயித்தோம். அந்தப் பையனுக்குக் கண் போயிற்று. ஜெயித்தும் அடுத்த வருஷம் அணியைக் கலைத்தார்கள், அது வேறு கதை.

இத்தனை வருஷம் கழித்துப் போன மாதம் சாந்தன்பாறைக்குப் போனேன். கேப்டன் அண்ணன் அங்கே ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். ஷீட்டை நீட்டி எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

“அது எனக்கு அஞ்சாவது ஃபவுலுன்னு எனக்குத் தெரியாதா? நீ பொத்தான்ல வெரல் வச்சதயும் பாத்தேன். இந்தா அடிக்கப் போறா, போய் உக்காந்துருவோம்னு இருந்தேன். நீ அடிக்கல. தங்கச்சியே அவுத்து விட்டுட்டா, இனி யாரு கேக்கன்னு வெறி ஏறிருச்சு.” நீட்டிய ஷீட்டை என் பக்கமே தள்ளினார்: “எங்கிட்ட எதுக்குக் கொண்டாந்த? அவன்கிட்டக் கொண்டு போ. நான் போய்க் கால்ல விழுந்தாச்சு. உன் பேரச் சொல்லல. அது நீ சொல்ல வேண்டியது.”

ஒன்பதாம் எண் எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சித்தூரில் உரக்கடை வைத்திருக்கிறான். நேற்றுப் போனேன். மேசைக்கார அக்கா என்று உடனே அடையாளம் கண்டு நாற்காலி போட்டான். ஷீட்டை அவன் முன்னால் வைத்தேன். வலது கண்ணுக்கு நெருக்கமாகத் தூக்கிப் பிடித்து முதலில் தன் வரிசையைத் தேடினான்.

“எட்டுப் புள்ளிதானுங்களா அக்கா? இத்தன வருஷமா பத்துன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க,” என்று சிரித்தான்.

“பதினஞ்சாம் நம்பரைப் பாரு தம்பி,” என்றேன்.

அவன் விரலை வைத்துக் கட்டங்களை எண்ணினான். நான்காவதைத் தாண்டிக் காலிக் கட்டத்தில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினான். பிறகு அந்த ஒற்றைக் கண்ணால் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“என்னைத் தள்ளி உட்டாரே, அது எங்கீங்க அக்கா?”